ஷகிலா பானுவுக்கு விட்ட ஷட்டில்

அக்கா அந்த ஷட்டிலை எடுக்கவில்லை.

எடுக்க முடியாமல் போவது வேறு, எடுக்காமல் விடுவது வேறு. இது இரண்டாவது வகை. காலிறுதி, மூன்றாவது கேம், பத்தொன்பதுக்குப் பதினெட்டு. வலைக்கு அந்தப் பக்கம் நின்ற தாய்லாந்துப் பெண் உயரமாக ஒரு டாஸ் தூக்கினாள். அது அக்காவின் இடது தோளுக்கு மேலாகப் பின்மூலையைப் பார்த்துப் போனது. அக்கா லேசாகக் குனிந்து, தலையை ஒதுக்கி, வழிவிட்டாள். பிறகு சாவகாசமாகத் திரும்பிப் பார்த்தாள், பின்னால் நிற்கிற ஆள் பார்த்துக்கொள்ளும் என்கிற மாதிரி. ஷட்டில் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்து, அரைவட்டம் உருண்டு நின்றது.

ஆடுவது ஒற்றையர் ஆட்டம். பின்னால் ஆள் கிடையாது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோச் வில்வநாதன் சார் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"சின்னவளே, அவ ஏதோ சொன்னாளே, கேட்டியா?"

"இல்ல சார்."

"'உனக்கு'ன்னு சொன்னா. வாயசைஞ்சதைப் பாத்தேன். யாருக்குடி?"

"தெரியல சார்."

எனக்குத் தெரியும். ஷகிலா பானுவுக்கு.

ஷகிலா பானு திருச்சி பொன்மலையில் ப்ளஸ் ஒன் காமர்ஸ் படிக்கிறாள். அந்த நேரத்தில் அவள் டியூஷனில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள். சென்னையில் ஒரு சர்வதேசப் போட்டியில், அத்தனை கேமராவுக்கு முன்னால், உலகத் தரவரிசையில் உள்ள ஒருத்தி தன்னை நம்பி ஒரு பாயிண்டை விட்டது அவளுக்குத் தெரியாது. நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா எப்படியோ சமாளித்து இருபத்திரண்டுக்கு இருபதில் ஜெயித்துவிட்டாள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நான் மூடியைக் கடித்தபடியே இருந்தேன்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்றால், இது எந்தக் கட்டளையில் வருகிறது என்றே தெரியவில்லை. 'பொய்ச்சாட்சி சொல்லாதே' என்பதில் வருமா? சாட்சி சொன்னது என் வாயில்லை, கால்தானே. அதனால் உங்களிடம் சொல்கிறேன். அக்கா அடுத்த கட்டிலில் தூங்குகிறாள்; நல்ல தூக்கம். அதுவும் என் தூக்கம்தானோ என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

என் பேர் ரோஸ்லின். அக்கா பேர் ஜெசிந்தா. அக்காவுக்கு இருபத்து நான்கு, எனக்குப் பதினாறு. அவள் ஷட்டில், நான் பூப்பந்து. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பூப்பந்தில் மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, வெட்டவெளி மைதானம், ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். நான் முன்னால் இடதுபக்கம் நிற்பேன். என் தோளுக்கு மேல் போகிற பந்து என்னுடையது இல்லை. எனக்குப் பின்னால் நிற்கிற ஷகிலா பானுவுடையது. அப்படி ஒரு பந்து வந்தால் நான் குனிந்து "உனக்கு" என்பேன். அவள் எடுப்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து இதுதான் வழக்கம். இவ்வளவுதான் என் விளையாட்டுத் திறமை. இது உலக அளவில் பரவும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் நிழல் சட்டத்தால் வந்தது.

தரவரிசையில் இருக்கிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறை தங்கள் 'நிழலை'ப் பதிவு செய்ய வேண்டும் என்று உலக ஷட்டில் சபை சட்டம் போட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தலை முதல் கால்வரை ஒரு கறுப்பு உடுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். அதை மாட்டிக்கொண்டு ஒரு மெஷினோடு இரண்டு மணி நேரம் ஆட வேண்டும். அப்புறம் உலகத்தில் எந்தப் பயிற்சிக்கூடத்திலும் யார் வேண்டுமானாலும் உங்கள் நிழலை ஒளி உருவமாக வலைக்கு அந்தப் பக்கம் நிறுத்திப் பயிற்சி எடுக்கலாம்.

நல்ல சட்டம்தான். கூட ஆடப் பெரிய ஆள் கிடைக்காத ஊர்க்காரர்களுக்காகக் கொண்டுவந்தது. பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்த அக்காவே கொரியாக்காரி ஒருத்தியின் நிழலோடு ஆடித்தான் மேலே வந்தாள். ஆனால் மேலே போன பிறகுதான் அடுத்த பக்கம் தெரிந்தது. அக்காவிடம் ஒரு வித்தை இருந்தது. பேக்ஹேண்டில் மட்டையை ஓங்கி, மணிக்கட்டை ஒரு கணம் அப்படியே நிறுத்தி வைப்பாள். எதிரில் இருப்பவள் பின்னால் ஓடத் தொடங்குவாள். அக்கா வலையோரம் சொட்டென்று போடுவாள். அதைப் பார்க்கவே கூட்டம் வரும். அக்காவின் நிழல் பதிவானதும் அது செத்துப்போனது. மணிக்கட்டு நிற்பதற்கு முன்பே எல்லாரும் வலைக்கு வந்து காத்திருந்தார்கள்.

"நாலு வருஷம் ரூமைப் பூட்டிகிட்டுக் கத்துகிட்டேன்டி," என்றாள் அக்கா ஒரு நாள், தோற்றுவிட்டு வந்து. "அவ ஒரு வாரம் என் நிழலை வாடகைக்கு எடுத்து வச்சுகிட்டு, என்னைவிட நல்லா என்னைத் தெரிஞ்சுகிட்டு வந்து நிக்கிறா. மேட்ச் ஆடற மாதிரியே இல்ல. பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு."

"அப்ப பாடத்தை மாத்திக் குடு."

சும்மா சொன்னேன். சத்தியமாகச் சும்மாதான் சொன்னேன். முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன், வாயில் இருந்ததை முழுங்குவதற்குள் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏற இறங்கப் பார்த்தாள். உயரம் பார்த்தாள்.

"எந்திரிச்சு நில்லு," என்றாள்.

"எதுக்கு?"

"நில்லுடி."

நின்றேன். அரை அங்குலம்தான் வித்தியாசம். இந்த வருஷப் பதிவுக்குத் தனக்குப் பதில் நான் ஆட வேண்டுமாம்.

"நான் உன்ன மாதிரி ஆட மாட்டேன்க்கா. எல்லாரும் சிரிப்பாங்க. வேகமே இருக்காது."

"வேகம், பலம் எல்லாத்தையும் அந்த மெஷின் என் மேட்ச் வீடியோல இருந்து எடுத்துக்கும். பதிவுல எடுக்கறது பழக்கத்தை மட்டும்தான். எங்க திரும்புவ, எதைப் பாத்து ஏமாறுவ, எதை எடுப்ப, எதை விடுவ. அவ்வளவுதான்."

"கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிச்சா ரெண்டு வருஷம் தடை. கண்டுபிடிக்கலேன்னா உனக்கு நான் என்ன வேணா வாங்கித் தரேன்."

பதிவு நிலையத்தில் வாசலில் மட்டும்தான் கைரேகை பார்த்தார்கள். அக்கா ரேகை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் துணைக்கு வந்த தங்கை. உடை மாற்றும் அறையிலிருந்து கறுப்பு உடுப்பில் வெளியே வந்தது நான். கண் மட்டும்தான் தெரியும். அக்கா கழிவறைக்குள் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். மெஷினை ஓட்டுகிற அண்ணன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, என் முகம் இருக்கிற திசையில்கூடப் பார்க்கவில்லை.

"மேடம், டென்ஷன் ஆகாதீங்க. இயல்பா ஆடுங்க."

"இயல்பாத்தாண்ணா ஆடப் போறேன்," என்றேன்.

என்னால் முடிந்த வரை ஷட்டில்காரி மாதிரிதான் ஆடினேன். எல்லா மூலைக்கும் ஓடினேன். வயிறு பிடித்துக்கொண்டது. ஆனால் இடது தோளுக்கு மேல் ஒன்று போகும்போது மட்டும் என்னை அறியாமல் தலை குனிந்தது. பின்னால் ஷகிலா பானு நிற்கிறாள் என்று உடம்பு நினைத்துக்கொண்டது. இரண்டு மணி நேரத்தில் எத்தனை தடவை அவளுக்கு விட்டேன் என்று கணக்கில்லை.

வெளியே வந்ததும் அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், நடைபாதையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

அடுத்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் தினமும் கிறிஸ்துமஸ்தான். உலகத்தில் இருக்கிற பெரிய வீராங்கனைகள் எல்லாரும் மெனக்கெட்டுப் பயிற்சி எடுத்து வந்து, ஷகிலா பானு இல்லாத மூலையாகப் பார்த்து அடித்தார்கள். அக்கா அங்கே போய்க் காத்திருந்தாள். வந்ததும் வெளுத்தாள். ஒரு டென்மார்க்காரி தோற்றுவிட்டு, கைகுலுக்கும்போது அக்காவின் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். தரவரிசையில் நாற்பதில் கிடந்த அக்கா பன்னிரண்டுக்கு வந்தாள். அப்பா ரயில்வே பணிமனையில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். ஷகிலா பானுவுக்கு நான் ஒரு பரோட்டா வாங்கிக் கொடுத்தேன், காரணம் சொல்லாமல்.

அப்புறம்தான் அக்காவின் கணுக்கால் பிசகியது. பயிற்சியில் குதித்து இறங்கும்போது மடங்கிவிட்டது. கட்டுப் பிரித்த பிறகு நடந்தாள். ஆனால் ஆட்டத்தில் கால் தயங்கியது. வில்வநாதன் சார் ஒரு மெல்லிய கறுப்புச் சட்டையோடு வந்தார். சட்டை என்றால் கால்வரை வருவது. உள்ளே முழுக்க நூல் மாதிரி கம்பிகள்.

"புதுசு. நிழல் சட்டை," என்றார். "ஊசி வேணாம், மருந்து வேணாம். உன் நிழலை இதுல ஏத்தி உனக்கே மாட்டி விட்டா, கால் எங்க போகணும்னு முன்னாடியே சுண்டி விடும். மூணு வாரம். உடம்பு மறந்ததை உடம்புக்கு ஞாபகப்படுத்தும். உன்னை உனக்கே சொல்லிக் குடுக்கறது. இதைவிட என்ன வேணும்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கழிவறைக்குக் கிளம்பினோம்.

"சொல்லிரலாம்க்கா," என்றேன், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு.

"என்னன்னு? சார், அது நான் இல்ல, பூப்பந்து ஆடற என் தங்கச்சின்னா?"

"வேணாம்னு சொல்லிரு."

"ஏன் வேணாம்னு கேப்பாரு. ரெண்டு வருஷம் தடைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? திரும்பி வரப்ப வெட்டரன்ஸ்லதான் ஆடணும். முட்டிக்குத் தைலம் தேய்ச்சுகிட்டு."

"அப்ப என்ன பண்றது?"

"உன்னைப் போட்டுக்கறேன். மூணு வாரம்தானே. என்ன ஆயிரும்?"

"என் கால் கொஞ்சம் கோணல்க்கா."

"தெரியும். பொறந்ததுல இருந்து பாக்கறேன்."

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் சர்வீஸ் போடும் முன்பு அக்கா வலது குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டினாள். அது நான் செய்வது. மைதானத்துப் புழுதியில் முள் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம். ஏசி அரங்கத்து மெத்தைத் தரையில் எந்த முள் இருக்கிறது? மூன்றாவது வாரம் ஜெயித்த பாயிண்டுக்குப் பிறகு நாலு பக்கமும் திரும்பிக் கையை நீட்டினாள், கூட ஆடுகிறவர்களுக்குக் கை கொடுப்பது போல. நான்கு பேரும் இல்லாததால் அப்படியே தலையைக் கோதிக்கொண்டாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்போது எங்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் சென்னைப் போட்டி, காலிறுதி. அந்த ஷட்டில்.

ஜெயித்துவிட்டு வெளியே வந்தால் வில்வநாதன் சார் கையில் ஃபோனோடு நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது. அக்காவிடம் முன்பு தோற்ற டென்மார்க்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள்: நிழலும் ஆளும் ஒத்துப்போகவில்லையாம். மறுநாள் காலை சரிபார்ப்பு. அக்காவைப் புள்ளி உடுப்பில் மறுபடி ஆட வைத்து, பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

"பொறாமை புடிச்சவனுங்க," என்றார் சார். "நீ கவலைப்படாதம்மா. உன் நிழல் நீதானே."

"ஆமா சார்," என்றாள் அக்கா.

நான் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டையே தொடவில்லை. அக்கா இரண்டு தோசை சாப்பிட்டாள். இதையும் சொல்ல வேண்டும்: என் அக்கா மேட்ச்சுக்கு முன்னால் சாப்பிட மாட்டாள். பதினைந்து வயதிலிருந்து ஒவ்வொரு மேட்ச்சுக்கு முன்பும் கழிவறையில் போய் வாந்தி எடுப்பாள். முடி முன்னால் விழாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. அதற்காகத்தான் என்னைக் கூடவே கூட்டிப் போவாள். வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டு, கோர்ட்டுக்குள் போய்ச் சிரிப்பாள். டிவியில் அந்தச் சிரிப்பு மட்டும் வரும்.

சரிபார்ப்புக்கு வந்தவர் பெரியநாயகம் என்கிற வயதான அதிகாரி. இந்த முறை வாசல் முதல் உடுப்பு மாட்டும் வரை ஒரு பெண் அதிகாரி கூடவே இருந்தார். மாற வழியே இல்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தடை விதிக்கப்பட்டவர்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராகப் போகலாம். அதுவும் தருவார்களா தெரியாது.

ஒரு மணி நேரத்தில் கதவு திறந்தது. பெரியநாயகம் சார் அக்காவுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. வீணா சிரமம் குடுத்துட்டோம்," என்றார். "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. என் சர்வீஸ்ல இப்படி ஒரு பொருத்தத்தைப் பாத்ததே இல்ல. பொதுவா ஆறு மாசத்துல ஆளு நிழலைத் தாண்டி கொஞ்சமாவது மாறியிருப்பாங்க. நீங்க அச்சு அசலா அப்படியே இருக்கீங்க."

"பயிற்சி சார்," என்றாள் அக்கா.

லிஃப்டில் நாங்கள் சிரித்த சிரிப்பில் கூட வந்தவர் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார். பொய்யைப் பிடிக்க வந்தவர்களே அதற்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். இனிமேல் ஆண்டவரே வந்து சொன்னாலும் அந்த நிழல் அக்காவுடையதுதான். கீழே வந்து ஆட்டோவில் ஏறும்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. தொண்ணூற்றெட்டு என்றால், மீதி இரண்டுதானே அக்கா?

சாயங்காலம் அரையிறுதி. இந்தோனேசியாவின் ரத்னா. அக்காவின் நிழலோடு உலகத்திலேயே அதிக நேரம் ஆடியவள் இவள்தானாம், சார் சொன்னார். ஆட்டத்துக்கு முன்னால் அக்கா கழிவறைக்குப் போகவில்லை. நான் பழக்கதோஷத்தில் வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அன்றைக்கு அக்கா ஆடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வலையோரத்தில் அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. முன்னால் வருகிற எதையும் விடவில்லை. பாய்ந்து பாய்ந்து எடுத்தாள். பின்பக்கத்தைப் பற்றிக் கவலையே இல்லாதவள் மாதிரி ஆடினாள். அந்த இடது மூலையில் மட்டும் பாயிண்ட் போய்க்கொண்டே இருந்தது. போகட்டும் என்று விட்டாள்.

இரண்டாவது கேம் நடுவில் அக்கா ஒரு டாஸ் தூக்கினாள். அது ரத்னாவின் இடது தோளுக்கு மேல் போனது. ரத்னா குனிந்தாள். தலையை ஒதுக்கினாள். திரும்பிப் பார்த்தாள்.

ஷட்டில் தொப்பென்று விழுந்தது.

ரத்னா விழுந்த ஷட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. யாரோ வர வேண்டியவர் வராமல் போன மாதிரி ஒரு முகம். பிறகு வலைக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். அக்காவும் அவளைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நடுவர் குழம்பிப்போய்த் தண்ணீர் குடித்தார்.

"என்னய்யா இது, புது வியாதியா?" என்றார் வில்வநாதன் சார்.

கூட ஆடுகிறவர்களிடமிருந்துதானே எல்லாரும் பழகுகிறோம். மாதக்கணக்கில் அந்த நிழலோடு ஆடி ஆடி அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. எத்தனை ஊரில் எத்தனை பெண்கள் அந்த நிழலோடு ஆடியிருப்பார்கள் என்று விரல் விட்டு எண்ணப் பார்த்தேன். அக்கா ஜெயித்தாள்.

அரங்கத்தை விட்டு வெளியே வருவதற்குள் ஷகிலா பானுவிடமிருந்து ஃபோன்.

"ஏன்டி, டிவில பாத்தேன். உங்க அக்கா ஏன் நம்ம மாதிரியே குனியுது? உன்கிட்டயா கத்துகிச்சு?"

"சும்மா, தமாஷுக்கு."

"அந்த இன்னொரு பொண்ணும் குனியுது. ஊரெல்லாம் குனியறீங்களே, நாங்க எல்லாம் நிமிர வேணாமா?" என்று சிரித்தாள். "நான் மட்டும் பின்னாடி நின்னிருந்தா அத்தனையும் எடுத்திருப்பேன்."

"எடுத்திருப்பல்ல?"

"எங்க. உன்கிட்டதான் சொல்றேன், சிரிக்காத. நீ 'உனக்கு'ன்னு விட்டுட்டுக் குனியறப்ப பாதி நேரம் எனக்கு எட்டுமான்னே தெரியாது. இவ இவ்வளவு நம்பறாளேன்னு பயத்துலயே ஓடி எடுப்பேன். நீ இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பாத்ததில்ல, தெரியுமா?"

எனக்கு அது தெரியாது.

நாளைக்கு இறுதி ஆட்டம். எதிரில் ஜப்பான்காரி ஒருத்தி. அவள் நிழலோடு ஆடுவதே இல்லையாம். நேரில் பார்த்து மட்டும் ஆடுகிறவள். இரண்டு மேட்ச்சாக அந்த மூலை திறந்து கிடப்பதைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நாளைக்கு அங்கேயே அடிப்பாள். அவளுக்குக் குனிகிற வியாதியும் கிடையாது.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். பதிவு நிலையத்து அண்ணனுக்கு ஃபோன் போட்டு, 'அக்காவுக்குப் பிறந்தநாள் பரிசு' என்று சொல்லி, போன வருஷத்து நிழலை இன்னொரு சட்டையில் ஏற்றி வாங்கி வந்துவிட்டேன். அதில் இருப்பது அக்காவேதான். அவளே ஆடியது, கலப்படமில்லாதது. காலையில் ஒரு மணி நேரம் மாட்டினால் ஒரு மேட்ச்சுக்குத் தாங்கும் என்றார் அவர். சாப்பிட்டு முடித்ததும் அதை அக்காவின் கட்டிலில் வைத்தேன்.

"என்னடி இது?"

"நீ. போன வருஷத்து நீ."

அக்கா அதைத் தொடவில்லை.

"இவளுக்கு அந்த மூலை நல்லா வரும்," என்றாள்.

"அதான்க்கா. நாளைக்கு ஜெயிக்கணும்ல?"

"ஜெயிக்கணும். ஆனா இவளோட எல்லாமே சேந்து வரும்டி. கழிவறையும் வரும்." கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உனக்கு இது புரியுமான்னு தெரியல. ஒம்பது வருஷம் அந்தக் கட்டத்துக்குள்ள தனியா நின்னிருக்கேன். சார் வெளிய. அப்பா டிவில. நீ கேலரில. எது போனாலும் என்னால போச்சு. இப்ப மூணு வாரமா, உள்ள போனா பின்னாடி ஒரு ஆள் நிக்குது."

"நிக்கலக்கா. யாரும் நிக்கல. பாயிண்ட் போகுது."

"போகுதுன்னு தெரியும். லூசா நான்? விழற சத்தம் கேக்குதே." சிரித்தாள். "விழுந்தப்புறமும் ஆள் நிக்கிற மாதிரிதான் இருக்கு. அதுதான் ஆச்சரியம்."

"அப்ப இதை வேணாங்கறியா?"

"வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. வேணும்னும் வரல." இரண்டு சட்டைகளையும் எடுத்து என் மடியில் போட்டாள். ஒன்றில் அவள், ஒன்றில் நான். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே கறுப்பு. "காலையில எதைக் குடுக்கறியோ அதைப் போட்டுக்கறேன். பாக்கக்கூட மாட்டேன். நீயே முடிவு பண்ணு."

"நான் எப்படிக்கா முடிவு பண்றது?"

அவள் லேசாகக் குனிந்து, தலையை ஒதுக்கிக்கொண்டு, "உனக்கு," என்றாள். பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். இரண்டே நிமிடத்தில் தூங்கிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் இரண்டு சட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மடிப்புக் கலையாதது அவள், கசங்கியது நான். அவளுடையதைக் கொடுத்தால் அந்த மூலை தப்பும், பழைய வாந்தியும் பயமும் கூடவே வரும். என்னுடையதைக் கொடுத்தால் நிம்மதியாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய், இல்லாத ஒருத்தியை நம்பிக் குனிவாள். விடிந்ததும் தூக்கக் கலக்கத்தோடு கையை நீட்டுவாள்.

நான் எதை எடுத்துக் கொடுப்பது?